சுரண்டாத இரண்டு துளைகள்

தகரத் தொட்டி நிறைய மண்ணெண்ணெய். அதற்கு அடியில் நீல வெளிச்சம் ஒன்று விட்டுவிட்டுத் துடிக்கும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். எழுபதுகளின் கடைசியில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து வேர்க்ஷொப் ஒன்றில், அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் என்னுடைய பகல்கள் கழிந்தன. ஸ்பார்க் மெஷின் என்போம். செப்புக் கம்பி ஒன்று இரும்புக்கு மேலே ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், தொடாது. அந்த இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து பாய்ந்து இரும்பைத் துணுக்குத் துணுக்காக உருக்கும். துணுக்குகளை எண்ணெய் கழுவிக்கொண்டு போகும். துளைக்கருவி பல்லுடைந்து திரும்புகிற உலோகத்தையும் அது கரைத்துவிடும். "தொடாமத் தின்னுற மிருகம் தம்பி இது. நம்மட ஆக்கள் தொட்டும் தின்னமாட்டாங்க, சோத்தில உப்பு இல்லெண்டு" என்பார் நானா.

நானா கிண்ணியாக்காரர். என்னைவிட எட்டு வயது மூப்பு. சிறியவரும் பெரியவரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டதால், நானும் லிங்கநகரில் இருந்து சைக்கிளில் வந்து இறங்கிய முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டேன். துளை போடுவது என் வேலை. போட்ட துளையைச் சுத்தம் செய்வது அவர் வேலை. உருகின உலோகம் முழுவதும் கழுவப்படாது. கொஞ்சம் துளையின் சுவரிலேயே உறைந்து தோல் போல ஒட்டிக்கொள்ளும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் அது முறுகிய தோல். சூடு ஏறினால் வெடிக்கும். அந்த வெடிப்பு நல்ல உலோகத்துக்குள்ளும் இறங்கும். நானா மெல்லிய கல்லுக்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நுனி வளைந்த ஊசி ஒன்றைத் துளைக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பார். தோல் மிச்சமிருந்தால் ஊசி தடக்கும். தடக்காவிட்டால் துளைக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் எங்கள் வேர்க்ஷொப்பின் சத்தியம்.

சீனன்குடாவில் ஒரு நிலையத்தில், மின்சாரம் நின்றால் ஓடுவதற்கென்று சின்ன டேர்பைன் ஒன்று இருந்தது. எரிந்த காற்றின் வேகத்தில் சுற்றுகிற இயந்திரம். உள்ளே அடுப்புச் சூடு. அதன் வளையம் ஒன்று எங்களிடம் வந்தது. ஏழு துளைகளில் போல்ட்டுகள் முறிந்து இறுகிக் கிடந்தன. மூன்று நாளில் மெஷினைக்கொண்டு ஏழு போல்ட்டுகளையும் தின்னவைத்துத் துளைகளை மீட்டுக் கொடுத்தேன். அது நோன்பு மாதம். நானா பின்னேரம் மூன்று மணிக்கே வெளிக்கிட்டுவிடுவார். துறையில் பாதை, அதுதான் கிண்ணியாவுக்குக் கடக்கிற மிதவைப் படகு, நோன்பு திறக்கிற ஆட்களுக்காகக் காத்துநிற்காது.

அவர் போய் ஒரு மணித்தியாலத்தில் லொறி வந்து நின்றது. நாளைக்கு என்று சொல்லியிருந்த லொறி. சாமான் அழகாகப் போகட்டும் என்று வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தேன். துடைத்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது: அழுக்கோடு நீலப் புள்ளிகளும் அழிந்து ஒன்றுகூட இல்லை. எத்தனை துளை முடித்துவிட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய ஊசியை எடுத்து விட்டுப் பார்த்தேன். என் கைக்கு எல்லாத் துளையும் தடக்குவது போல இருந்தது; பிறகு ஒன்றும் தடக்காதது போல இருந்தது. வாசலில் மனேஜர், "என்ன காணும், முடிஞ்சுதா இல்லையா?" என்றார். நானா முடித்துத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஏழு துளைகளுக்கும் பக்கத்தில் ஏழு புள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை நானா வந்து மேசையைப் பார்த்தார்.

"எங்க தம்பி சாமான்? ரெண்டு ஓட்டை மிச்சம் வெச்சிட்டுப் போனனான்."

"லொறி நேற்றே வந்திட்டுது நானா."

"அப்ப அந்த ரெண்டும்?"

"நான் சுரண்டினனான்."

"ஊசி விட்டுப் பார்த்தீங்களா?"

"ஓம்."

அவர் முகம் விரிந்ததை இப்போதும் என்னால் மறக்க ஏலாது. கோபித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவரோ வேர்க்ஷொப் முழுக்க அதே கதைதான் கதைத்துத் திரிந்தார். "இனிப் பெருநாளைக்கு லீவு கேக்க எனக்குப் பயமில்ல. தம்பிட கை இருக்கு!" ஒவ்வொரு முறையும் நான் தொட்டிக்குள் குனிந்துகொள்வேன்.

பெருநாள் கழிந்த கிழமை ஒரு காலை, நானாவின் மேசை வெறுமையாக இருந்தது. டேர்பைனை இன்றைக்குத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள், எங்கள் பக்கத்து ஆளாக நிற்பதற்கு நானா வீட்டில் இருந்து நேரே சீனன்குடாவுக்குப் போய்விட்டார் என்றார் மனேஜர். நான் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே கணக்கு: ஓட்டும்போது அவர் எங்கே நிற்பார்? தள்ளி நிற்கிற ஆள் இல்லை. சத்தம் கேட்க வேண்டுமென்று வளையத்துக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பார்.

"பாஸ் இல்லாம உள்ளுக்கு விட ஏலாது" என்றார் வாசற் காவலாளி. ஆள் ஒன்றைக் கூப்பிட வேண்டும் என்றேன். "மிசின் ஓடி முடியட்டும்" என்றார். மிசினைத்தான் நிற்பாட்ட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தபோது உள்ளே அது சீறத் தொடங்கியது. சீறல் ஏறி ஏறி ஊளையானது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றேன். அது ஓய்ந்தபோது என் உள்ளங்கைகளில் துருவின் தடம் பதிந்திருந்தது.

நானா வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "என்ன தம்பி, உங்கட சாமான்ர பாட்டுக் கேக்க வந்தீங்களா? தேன் மாதிரி ஓடுது!"

"நானா, அந்த ரெண்டையும் நான் சுரண்டேல்ல."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"எந்த ரெண்டெண்டு இனிக் கண்டுபிடிக்க ஏலுமா?"

"ஏலாது. புள்ளி எல்லாத்தையும் நான்தான் வெச்சனான்."

திரும்பி உள்ளே போனார்.

டேர்பைனைத் திறந்து, வளையத்தைக் கழற்றி எங்களிடமே அனுப்பினார்கள். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மாவு தூவிவிட்டு இருவரும் காத்திருந்தோம்; வெடிப்பு இருந்தால் அதற்குள் போன சாயம் மாவில் ஊறும். ஐந்து துளைகளைச் சுற்றி மாவு வெள்ளையாகவே கிடந்தது. ஆறாவதிலும் ஏழாவதிலும் சாயம் மெல்ல ஊறி வந்தது. நகத்தளவுச் சிவப்புக் கோடு. இன்னும் எத்தனை தரம் ஓடியிருந்தால் அது பிளந்திருக்கும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்காக ஒன்றை மறைக்கவும் இல்லை, ஒன்றைக் கூட்டவும் இல்லை. அந்த நிலையத்தார் பிறகு எங்களிடம் வரவில்லை. என்னை வைத்துக்கொண்டது மனேஜரின் பெருந்தன்மை அல்ல. மெஷினைத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

இப்போது இந்த மெஷின்கள் திரையில் எண்களைப் போட்டுக் காட்டுகின்றனவாம். இருக்கட்டும். எனக்கு நினைவில் நிற்பது அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை செய்த மூன்று வருடம். சுரண்டவும் ஊசி பிடிக்கவும் நானே கேட்டுப் பழகினேன். நானா என்னோடு முன்பு போலவே பகிடி விட்டார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். மற்றவர்களிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்பார், ஓம் என்றால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். என்னிடமும் அப்படித்தான் கேட்பார். நானும் ஓம் என்பேன். உப்புவெளியில் மீன் என்ன விலை, தன் மகளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை எந்த ஊர் என்று கதைத்துக்கொண்டே ஊசியை எடுத்து, நான் முடித்த துளை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்ப்பார்.