தோட்டங்காடு இருக்கா?

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், ஆளுக்கு ஒருவரை வீட்டில் தங்க வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் விளையாட்டு ஆசிரியை. திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு எதைக் கேட்டாலும் கிடைக்காது. ஓடிவிட்டு வருகிற பிள்ளைகள் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டாளிப் பள்ளி மட்டும் கிடைத்துவிட்டது. இலங்கையில், தேயிலை மலையில் இருக்கிற பள்ளி. இங்கிருந்து யாரும் அங்கே போகவில்லை. அவர்கள்தான் கல்விச் சுற்றுலா என்று எங்களைப் பார்க்க வந்தார்கள்.

எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. அவர்கள் அனுப்பிய போட்டோக்களில் மலை முழுக்கப் பச்சை, எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை மாதிரி வரிசை வரிசையாக. அதை விட்டுவிட்டு, அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் கொட்டகையையும், மகளிர் குழுப் பெண்கள் கண்மாய்க்குள் கருவேலம் வெட்டுவதையும் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். என் வகுப்புப் பையன்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"ஏலே, அங்க எந்நேரமும் குளுராம்லே."

"அதான் வெயிலு வாங்கிட்டுப் போக வாராக. ரெண்டு மூட்டை கட்டிக் குடுத்து விடுவோம்."

என் வீட்டுக்கு வந்தவள் பத்தாம் வகுப்புப் பெண். அவர்கள் பள்ளி வலைப்பந்து அணியில் ஆடுகிறவள் என்பதால் என்னிடம் விட்டார்கள். அவள் பேச்சு புரியாமல் போகுமோ என்று பயந்திருந்தேன். வந்து வாயைத் திறந்தால் எங்கள் பக்கத்துப் பேச்சுதான். டீயைத் தேத்தண்ணி என்றாள், என்னை மிஸ் என்றாள். மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"எங்க பாட்டன்மாரு இந்தப் பக்கம் இருந்துதான் போனாங்களாம் மிஸ். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது" என்றாள்.

அந்தப் பேச்சுதான் எங்களை ஏமாற்றியது. சொல் ஒன்றாக இருந்தால் அர்த்தமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

சாயங்காலம் என் மதினி வந்தாள். என் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. மகளிர் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். வாய் பெரிது, மனசும் பெரிது. விருந்தாளிப் பிள்ளைக்கென்று ஒரு பொட்டலம் சீனிச்சேவு வாங்கி வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, பிள்ளையின் கன்னத்தை வழித்து, எங்கள் ஊரில் புது ஆளிடம் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள்.

"ஏத்தா, ஊருல தோட்டங்காடெல்லாம் இருக்கா?"

அந்தப் பெண் கையில் எடுத்த சேவைத் தட்டில் திரும்ப வைத்தாள். "என்னா சொன்னீங்க?"

காதில் விழவில்லை போல என்று மதினி இன்னும் சத்தமாகச் சொன்னாள். "கேக்கவே வேணாம், தோட்டக்காட்டு வீட்டுப் புள்ளைன்னு ஒன் மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே!"

பிள்ளை எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பையில் துணி திணிக்கிற சத்தம் கேட்டது.

சேவு காறுகிறதா என்று மதினி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டதோ, வயிற்று வலியோ, கொல்லைப்புறத்துக் குளியலறை பிடிக்கவில்லையோ என்று நான் என்னென்னவோ யோசித்தேன். கதவைத் தட்டிக் கேட்டேன். "சேரைக் கூப்பிடுங்க. நான் இங்க இருக்கமாட்டேன்" என்று மட்டும் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. பார்த்துப் பார்த்துச் செய்தால் இப்படியா?

அவர்களுடன் வந்த ஆசிரியரைத்தான் அவள் சேர் என்றது. பள்ளியில் தங்கியிருந்தவர் யாருடைய பைக்கிலோ வந்து சேர்ந்தார். அறைக்குள் போய்ப் பிள்ளையிடம் பேசிவிட்டு வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பிள்ளையைத் தோட்டக்காட்டான்னு ஏசியிருக்கீங்களே மிஸ்."

"யாரு ஏசுனது?" நான் கத்திவிட்டேன். "தோட்டங்காடு இருக்கான்னு கேட்டாக, சொந்த நெலபுலம் இருக்கான்னு. எங்க ஊர்ல அது மரியாதை. இருக்கிறவுககிட்டத்தான் அப்படிக் கேப்பாக. பொண்ணு பாக்கப் போனாலும் அதைத்தான் கேப்பாக!"

அவர் என்னையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார் என நினைக்கிறேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். அது கம்பெனியுடையது. அவர்கள் அதில் கொழுந்து பறிக்கிறவர்கள், லயம் என்கிற, வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் குடியிருப்பவர்கள். அவர்களை மட்டம் தட்டுவதற்கென்றே அங்கே தமிழ் பேசுகிற மற்றவர்கள் வைத்திருக்கிற சொல்தான் தோட்டக்காட்டான்.

"டவுன் ஸ்கூலுக்கு விளையாடப் போனா அதைச் சொல்லித்தான் கத்துவாங்க. இந்தியா போனா அந்தப் பேச்சே இருக்காதுன்னு சொல்லித்தான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்."

எங்கள் ஊரில் தோட்டங்காடு இல்லை என்று சொல்லத்தான் கூச்சப்படுவார்கள். அங்கே தோட்டக்காடு என்று சொன்னாலே கூச்சம். ஒரே சொல் இங்கே ஆளைத் தூக்குகிறது, அங்கே ஆளைத் தள்ளுகிறது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் எல்லார் மேலும் கோபம் வந்தது. முதலில் தலைமையாசிரியர் மேல்.

நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மதினி, நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கதவருகே போய்ச் சமாதானம் சொன்னாள்.

"தெரியாம கேட்டுட்டேன்த்தா. போட்டோவுல அம்புட்டுப் பச்சையா இருக்கவும் எல்லாம் ஒங்களுதுன்னு நெனைச்சேன். பாவம், இல்லாத வீட்டுப் புள்ளையா நீ?"

கதவு திறந்தது. பிள்ளை பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இல்லாத வீடுதான். அதுக்கு ஏன் பாவம்?"

இல்லாதவர்களிடம் பாவம் என்று சொல்லியே பழகிவிட்டோம். ஏன் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கருவேலம் வெட்ட மதினியோடு வருகிற பெண்களில் பாதிப்பேர், ஒரு காலத்தில் எங்கள் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்களின் மகள்கள். அவர்களிடம் யாரும் தோட்டங்காடு இருக்கா என்று கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். அது மரியாதை என்று அந்த ஆசிரியரிடம் நான் கத்தியது சரியா தப்பா என்று அப்போதுதான் குழப்பம் வந்தது. அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை.

பிள்ளை என்னிடம் திரும்பினாள். "உங்களுக்கு இருக்கா மிஸ்?"

"என்ன?"

"தோட்டக்காடு."

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. "இருக்கு. எனக்கும் எங்க அண்ணனுக்கும் சேர்த்து. கெணறு வத்தி ரொம்ப வருசமாச்சு. தோட்டம்னு பேரு, உள்ள பூராம் கருவேலமுள்ளு."

"அப்ப நீங்கதான் தோட்டக்காட்டான்."

ஆசிரியர் பதறிப்போய் "ஏய்" என்று அதட்டினார். ஆனால் மதினி நிமிர்ந்து நின்று, "ஆமா, பின்னே? நாலு தலைமுறையா நாங்க தோட்டக்காட்டு ஆளுகதான்!" என்றாள். பெருமையாகவே சொன்னாள். பிள்ளை திட்டினாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் அது திட்டா கேலியா என்று தெரியவில்லை.

பிள்ளை மதினியையே வெகுநேரம் பார்த்தாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு இப்படி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"நான் இங்கேயே இருக்கேன் சேர்" என்றாள்.

ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சொல்லில் போய் முட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் கண்மாய்க்குக் கூட்டிப்போனோம். குழுப் பெண்கள் முள்ளை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மதினி அரிவாளும் கையுமாக வந்து பிள்ளையின் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். எந்தக் கேள்வி குத்தாது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிலத்தைக் கேட்கக் கூடாது. ஊரைக் கேட்கலாமென்றால் அதுவும் அவர்களுக்குத் தெரியாதாம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அது எங்கே போய் முடியுமோ. இத்தனை வயதில் பேச்சுக்குத் தடுமாறி மதினி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"சாப்பிட்டியாத்தா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

மதினி தலையை ஆட்டினாள். முள்ளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். மறுபடியும், "சாப்பிட்டியா?" என்றாள்.

"இப்பதானே கேட்டீங்க!" பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லத்தா" என்று சொல்லிவிட்டு மதினி அரிவாளைக் கீழே போட்டாள். "எங்கிட்டுச் சாப்பிட? ஒன்னைப் பாத்தா என்ன பேசுறதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டே சாப்பிடாம வந்துட்டேன்."