குழாயில் விழுந்த சோறு

தெருவில் எல்லாரும் அவரை அடைப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் தண்ணீர் தேங்கினாலும் அவர்தான் கம்பியோடு வருவார்.

ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியிலேயே தண்ணீர் இறங்காமல் நின்றது. குளியலறையில் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தார், சர்ரென்று ஓடியது. அப்படியானால் வெளிக்குழாயில் குற்றமில்லை, அடைப்பு தொட்டிக்கு அடியில்தான்.

"இப்ப வேணாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மனைவி தடுத்தாள்.

"ஊர் அடைப்பை எடுக்கிறவன் வீட்டுல குளம் கட்டுனா சிரிக்க மாட்டாங்களா?" என்று சொல்லிக்கொண்டே வளைகுழாயைக் கழற்றினார். கட்டிகட்டியாகச் சோறு விழுந்தது.

"என்ன இது?"

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "தொண்டையில இறங்க மாட்டேங்குதுங்க. பானையில மிச்சம் இருந்தா கேப்பீங்களேன்னு இதுல போட்டுத் தள்ளிட்டேன்."

'நான் அப்பவே சாப்பிட்டேன்' என்று அவள் தினமும் சொன்னதை அவர் நம்பியிருந்தார். ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனார். தொண்டையில் இருந்த புற்றுக்கட்டி முற்றிப்போயிருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இன்றும் அவர் வேலைக்குப் போகிறார். குழாயில் சோற்றைக் கண்டால் கையைக்கூடக் கழுவாமல் கேட்கிறார்: "வீட்டுல எல்லாரும் நல்லாச் சாப்பிடுறாங்களாம்மா?"