முதலாளியிடம் கடிதம் கேட்க ஒரு நல்ல நாள்

சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் வேலை அனுபவம் எழுத வெளிக்கிட்டது சற்று அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் நண்டு வாங்கும் நிலையமொன்றில் நான் சுப்பவைசர். நிறுப்பது, தரம் பிரிப்பிப்பது, ஐஸ் போடுவிப்பது என் வேலை. நாற்பத்திரண்டு வயதில் வணிக முகாமைத்துவ டிப்ளோமா படிக்க ஆசை வந்தது. வவுனியாவில், சனி ஞாயிறு வகுப்பு. உயர்தரம் படிக்காதவர்கள் சேவைக் கடிதம் காட்டி விண்ணப்பிக்கலாம். அதை முதலாளி தர வேண்டும். சனி ஞாயிறும் நண்டு வரும். அவர் மறுத்தால் படிப்பு இல்லை.

கேட்க நல்ல நாள் பார்த்தேன். முதலில் தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நல்ல காரியம் தொடங்குவதில்லை. உயிர்த்த ஞாயிறு முடிய, முதலாளி வற்றாப்பளை அம்மனுக்கு விரதம் பிடித்தார். வைகாசியில் வரும் அந்தக் கோயில் பொங்கல் முடியும்வரை அவர் புதிதாக ஒன்றும் தொடங்கமாட்டார். வேதக்காரியான நான் இரண்டு சமயத்தையும் குறைவில்லாமல் அனுசரித்தேன்.

பொங்கலும் முடிந்து, விண்ணப்பம் தபாலில் போடக் கடைசி நாள் வந்தது. அன்று பார்த்து ஐஸ் லொறி வழியில் பழுதாகி நின்றது. கூடை கூடையாக நண்டு காத்துக் கிடந்தது.

"இண்டைக்குக் கேக்காதையடி, மனுசன் கடிச்சுப்போடும்," என்றார் தரம் பிரிக்கும் வசந்தி அக்கா.

தபாற்கந்தோர் மூட ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினேன்.

"முதலாளி, இதில ஒரு கையெழுத்து."

வாசித்தார். "படிக்கப் போறியோ?"

"ஓம்."

"இதுக்கோ இவ்வளவு நாளா என்ர கதிரைக்குப் பின்னால வந்து வந்து போனனீ? சம்பளம் கூட்டிக் கேக்கப் போறாய் எண்டு நான் ஒளிச்சுத் திரிஞ்சனான்."

ஈரக் கையோடு ஒப்பமிட்டார். "அதுசரி, சனி ஞாயிறு தராசடியில ஆர் நிப்பினம்?"

பேச்சை எப்படித் தொடங்குவது என்று மாதக்கணக்காகப் பாடமாக்கியிருந்தேன். இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. லொறிச் சத்தம் கேட்டு அவர் எழுந்து போய்விட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்கு ஓடினேன்.

பிள்ளைகள், நாள் பார்க்கும் நேரத்தில், மற்றவர் கேட்கக்கூடிய கேள்விக்கு ஒரு பதிலை யோசித்து வையுங்கள்.

அடுத்த நாள் முதலாளி வசந்தி அக்காவைத் தராசடிக்குக் கூப்பிட்டு, அவருக்கு நிறுவை பழக்கும்படி என்னிடம் சொன்னார்.