‘வாங்க’ சொல்ல விடாத சிமெண்ட்

பல் ஒட்டும் சிமெண்ட் டப்பாவுக்குள் ஒரு செய்முறைக் காகிதம் இருக்கும். அதை எழுதிய புண்ணியவான் சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தவனில்லை. பொடியையும் அமிலத்தையும் ‘அறை வெப்பத்தில்’ குழைக்கச் சொல்லியிருந்தான். யார் வீட்டு அறை? இரண்டும் சேர்ந்தாலே சூடு பிறக்கும். சூடு ஏற ஏறச் சீக்கிரம் இறுகும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பல் ஆஸ்பத்திரி திறந்த முதல் கோடையில், சிமெண்ட் யார் வாய்க்கும் போகாமல் என் கண்ணாடிப் பலகையிலேயே கல்லாகிக் கிடந்தது.

பிறகு புத்தி வந்தது. பலகையைத் தண்ணீர்ப் பானைமேல் வைத்துக் குளிரவிட்டு, ஈரத்தைத் துடைத்து, பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தேன். பக்குவமாக வந்தது. ரசாயனத்தையே ஜெயித்துவிட்டதாக எனக்குக் கர்வம்.

அந்தச் சமயத்தில் கீரமங்கலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் முறிந்திருந்தது. மறுநாள் பொன்னமராவதியில் நிச்சயதார்த்தம்.

“இந்த வாயோட போனா பொண்ணு குடுப்பாங்களா டாக்டர்?” என்று அழாத குறை.

பீங்கான் பல்லில் சிமெண்ட் தடவி, மிஞ்சிய வேரில் பொருத்தி, விரலால் அழுத்திக்கொண்டேன். “இறுகுற வரைக்கும் அசையக் கூடாது, எச்சில் படக் கூடாது. பேசிராதீங்க.”

நிச்சயத்துக்குச் சாமான் வாங்க டவுனுக்கு வந்திருந்த பெண்ணின் தாய்மாமன், தெருவிலிருந்தே மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே வந்தார். எதிரில் நின்றார். ‘வாங்க’ என்ற வார்த்தைக்குக் காத்திருந்தார். அந்த ஒரு வார்த்தை கேட்காததால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு.

“வாங்க, உக்காருங்க” என்றேன் நான்.

“நீங்க வாங்கன்னு கேட்டுட்டீங்க. அவரு கேக்கலையே?”

மாப்பிள்ளை அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்ன, எலெக்சன்ல நிக்கிறாரா?”

நான் சிமெண்ட்டின் குணத்தை விளக்கினேன். அமிலம், பொடி, பாதியில் அசைந்தால் பிடிக்காது, ஈரம் பட்டால் கரையும் என்று ஒரு பாடமே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க, நான் வாரேன்” என்று வாசல் பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளை என் விரலைக் கடித்துக்கொண்டே, “வாங்க மாமா!” என்று கத்தினார். பல் கழன்று உள்ளே போய்விட்டது. விழுங்கிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. மாமனோ முகம் மலர்ந்து உட்கார்ந்து, வீட்டில் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தார். மாப்பிள்ளை ஓட்டை வாயோடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. “பல்லை முழுங்கிட்டு என்னைய வாங்கன்னு கேட்ட மாப்பிள்ளை” என்று மாமன் ஊரெல்லாம் பெருமையடித்தார். கல்யாணப் பத்திரிகை என் எதிர்க்கடைக்காரருக்குக்கூட வந்தது. எனக்கு வரவில்லை. ஏனென்று கடைக்காரரே கேட்டிருக்கிறார்.

“வந்தவுகள வாங்கன்னு கேக்க விடாத மனுசன் கல்யாணத்துக்கு வந்து நின்னா, அவரை யாரு வாங்கன்னு கேக்குறது?” என்றாராம் மாமன்.