மாமா பாய்ந்த தூரம்

என் மாமா இலங்கைக்காகப் பாய்ந்தவர். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகுதான் எதிலிருந்து எதற்குப் பாய்ந்தார் என்று கேட்பார்கள். நீளம் பாய்தலில் பாய்ந்தார். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, மலாயா என்று பல நாட்டு ஆட்கள் கொழும்புக்கு வந்து கலந்துகொண்ட பெரிய போட்டி அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி வெகுகாலம் எங்கள் ஊர் மாத்தளை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் முகத்தைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவைவிடப் பதினான்கு வயது இளையவர். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது மற்றவர்கள் சீதனம் கொண்டுவந்தார்கள், இவள் தம்பியைக் கொண்டுவந்தாள் என்று அப்பா கேலி செய்வார். மாமா டவுனில் ஒரு கொக்கோ ஸ்டோரில் மூட்டை தூக்கினார். விடிவதற்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தானே தோண்டிய ஒரு குழியில் பாய்ந்தார். அந்தக் குழியில் இருந்த மணல் முழுவதும் சுது கங்கையிலிருந்து பழைய கொக்கோ சாக்குகளில் அவரே சுமந்து வந்தது. மழை பெய்தால் அம்மாவின் துணிக்கொடிக்கு முன்னால் அந்தக் குழியைத்தான் மூட ஓடுவார்.

போட்டிக்குத் தெரிவாகியிருப்பதாகக் கடிதம் வந்தபோது மாமாவுக்கு இருபத்தெட்டு வயது. ஓடிப் பாய்கிறவர்களுக்கு அது கிழவயது. முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த வருடம் வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்குக் கட்டாயம் கப்பலில் அனுப்புவோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மாமா அதுவரை கடலையே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். கொக்கோ மூட்டையை இறக்கிவிட்டுக் கப்பலில் ஏறுவதைத் தவிர வேறு பேச்சு அந்த மாதம் அவர் வாயில் வரவில்லை. கப்பலில் எந்தப் பக்கம் படுத்தால் வாந்தி வராது என்றுகூட யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார்.

அம்மா சும்மா இருப்பாளா? தேத்தண்ணி இல்லாமல் ஒரு மணி நேரம் உயிர் தரிக்காதவள், மாமா பாய்ந்து முடிக்கும்வரை தேத்தண்ணி குடிப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். அதன் பலனாக வீட்டில் எல்லாருக்கும் தலைவலி வந்தது. அது போதாதென்று தன்னுடைய கல்யாணச் செபமாலையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியிடம் மந்திரித்து வந்து மாமாவின் கழுத்தில் போட்டாள். கறுப்பு மணிகள் கோத்தது, தொப்புள்வரை தொங்கும். நுனியில் நல்ல பாரமான பித்தளைச் சிலுவை.

"பாஞ்சி முடிக்கிற வரைக்கும் கழுத்துல இருந்து எறக்கக் கூடாது தம்பி. நேந்திருக்கேன்."

"சரிக்கா" என்றார் மாமா. அக்காவுக்கு அவர் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அந்தச் சிலுவை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எழும்பி வந்து அவர் பல்லில் அடித்தது. மூன்றாம் நாள் உதடு வீங்கியது. அதன்பிறகு அம்மா சமைக்கக் குசினிக்குள் போனதும் மாமா செபமாலையைக் கழற்றிக் கொய்யாக் கிளையில் மாட்டிவிட்டுப் பாய்வார், அவள் வெளியே வருவதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்வார். நான் இதைப் பார்த்தும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்த பாவத்துக்கு நரகத்தில் எவ்வளவு காலம் கிடைக்கும் என்று இரவில் படுத்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் நற்கருணைக்கு அந்த வருடம்தான் கோயிலில் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள், அதனால் பாவங்கள் எல்லாம் எனக்குப் புத்தம் புதிதாக ஞாபகத்தில் இருந்தன.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் முதல் நாளே ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மைதானத்துக்குப் போனோம். மணல் குழிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் மாமா கம்பி வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டார். அம்மா பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் தம்பி பால் குடித்த கதையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா செபமாலையைச் சுருட்டி என் கவுன் பைக்குள் போட்டார்.

"பல்லுல அடிக்குது. முடிஞ்சதும் வாங்கிக்கிறேன். அம்மாகிட்ட மூச்சு விடாத."

ஆளுக்கு மூன்று பாய்ச்சல். அதில் முன்னால் நிற்கும் ஆறு பேருக்கு மட்டும் இன்னும் மூன்று கொடுப்பார்கள். மாமாவின் முதல் பாய்ச்சலில் கால் மிதிபலகையைத் தாண்டிவிட்டது. சிவப்புக் கொடி. இரண்டாவதும் அப்படியே, மறுபடி சிவப்புக் கொடி. இனி ஒன்றுதான். அதுவும் சிவப்பென்றால் கப்பலும் இல்லை கடலும் இல்லை, பழையபடி கொக்கோ மூட்டைதான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு விரல்களில் எண்ணி அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பைக்குள் சிலுவை தொடையில் குத்தியது. எனக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்தோனியார் கோபித்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் ஒரே ஓட்டமாக வேலியருகே போய் மாமாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"இத போட்டுக்கிட்டுப் பாய்ங்க மாமா!"

"போ அங்கிட்டு. ரெண்டு அங்குலம் பிசகுது, வேறொண்ணுமில்ல. ஓடத் தொடங்குற எடத்தப் பின்னுக்குத் தள்ளி வச்சிட்டேன். இப்ப சரியா வரும் பாரு."

"போடலேன்னா அம்மாகிட்ட சொல்லிருவேன்."

சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மாமா என் தலைக்கு மேலாகப் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் கையில் தொங்கிய செபமாலையையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் மாமா சிரித்துச் சமாளித்திருப்பார் என்று நினைக்கிறேன். அது கோபமில்லை. இருபது நாள் தலைவலியோடு இருந்தவளின் முகம் அது, அழுகிறதற்கு முன்னால் வாய் கோணிக்கொண்டிருந்தது. மாமா செபமாலையை வாங்கிக் கழுத்தில் போட்டு, பனியனுக்குள் திணித்துக்கொண்டு போனார்.

அவர் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. கால் பலகையின் நட்டநடுவில் விழுந்தது. மேலே எழும்பியவர் கொஞ்ச நேரம் இறங்க மறந்துவிட்டவர் மாதிரி இருந்தார். நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக் கைகளைப் பின்னால் வீசியபோது செபமாலை பனியனுக்குள்ளிருந்து வெளியே வந்து, தோளுக்கு மேலாகச் சுழன்று முதுகுப் பக்கம் போனது. குதிகால்கள் மணலில் புதைந்தன. குந்திய நிலையிலிருந்து முன்னால் எழும்பிப் போனார். வெள்ளைக் கொடி! சனம் ஆர்ப்பரித்தது. அம்மா என்னைத் தூக்கிக் கன்னத்தைக் கடிக்காத குறையாக முத்தமிட்டாள்.

அளக்கிறவர் குழியருகே குந்தி உட்கார்ந்தார். மாமாவின் குதிகால்கள் விழுந்த இரண்டு பெரிய பள்ளங்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு ஒரு சாண் பின்னால் இருந்த ஒரு சின்னக் குழியைக் காட்டி மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா குனிந்து பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு தலையாட்டினார். அளக்கிறவர் அந்தச் சின்னக் குழியில்தான் முளையை ஊன்றி நாடாவைப் பிடித்தார். மாமா நிமிர்ந்து எங்களைத் தேடிப் பிடித்து, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டிச் சிரித்தார். ஜெயித்துவிட்டார் என்று நானும் அம்மாவும் குதித்தோம்.

பதினைந்து வருடம் கழித்து நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தது. நீளம் பாய்ந்த ஒரு பிள்ளையின் நீண்ட பின்னல் பின்னால் மணலைத் தொட்டுவிட்டது. அளந்த மாஸ்டர் பின்னல் தொட்ட இடத்தில் முளையை ஊன்றினார். இது என்ன அநியாயம் என்று சண்டைக்குப் போனேன். "உடம்போட இருக்கிற எது தொட்டாலும் கணக்குத்தான் டீச்சர். ஆகப் பின்னால இருக்கிற அடையாளத்துல இருந்துதான் அளக்கணும்" என்றார் அவர். மாமாவின் குதிகால்களுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் குழி ஞாபகம் வந்து நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போய், அம்மா தன் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து, மாமாவின் தூரத்தோடு ஒரு சாணைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாவதாக நின்றிருப்பார். துண்டில் அச்சாகியிருந்ததோ ஏழாவது.

அன்று மைதானத்தில் ஏழாவது என்பதை மாமாவே வந்து சொன்னபோது நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். அம்மா தொங்கப்போடவில்லை. "எத்தன நாட்டு ஆளுங்க! அதுல ஏழாவது! ஏழுன்னா சும்மாவா, ஞானஸ்நானம், நற்கருணைன்னு தேவதிரவிய அனுமானமே ஏழுதானே?" என்றாள். கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் நேர்த்திக்கடன் முடிந்த சந்தோஷத்தில் அடுத்தடுத்து மூன்று தேத்தண்ணி குடித்தாள். ரயிலில் எங்கள் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும், செபமாலை இல்லாமல் இரண்டு சிவப்புக் கொடி, போட்டதும் வெள்ளைக் கொடி என்று தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சொன்னாள். நடுவில் நான் எழுந்து நின்று, கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஆமா, இவ கொண்டாந்து குடுக்காட்டி அவ்வளவு தூரம் பாஞ்சிருக்க மாட்டேன்" என்றார் மாமா. பெட்டியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, அந்த ஆளு மணல்ல எதக் காட்டினாரு?"

"எறும்பு ஓடுச்சு. மிதிச்சிராதன்னு காட்டினாரு."

"அடுத்த தடவையும் இதையே போட்டுக்கிட்டுப் பாய் தம்பி" என்றாள் அம்மா.

"சரிக்கா."

கடுகண்ணாவை ஏற்றத்தில் முதல் சுரங்கம் வந்தது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஹூ என்று கத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கத்தினேன். இருட்டில் என் பக்கத்திலிருந்து என்னைவிடப் பெரிய ஒரு கத்தல் கேட்டது. மாமாதான். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பெட்டியே சிரித்தது. "என்னடா இது, சின்னப் புள்ளையா நீ?" என்று அம்மா முழங்காலில் தட்டினாள். அடுத்த சுரங்கத்திலும் கத்தினார், அதற்கடுத்ததிலும் கத்தினார். தொண்டை கட்டி, குரல் பிசிறி, வெறும் காற்றாக வரும்வரை கத்தினார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து கத்தினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் எங்கள் மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று சொன்னேன்.