பிளக் இருந்த மூலை

பிரேமனில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துக் கோப்புகளைப் படிப்பது என் வேலை. நாற்பத்தாறு வயதுவரை தனியாக எங்கும் போனதில்லை. இந்த வசந்தத்தில், லிஸ்பனில் இருந்தபடியே இரண்டு வாரம் வேலை செய்ய மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். பகலில் கோப்பு, மாலையில் ஆற்றங்கரை. ஜெர்மன்காரி ஆயிற்றே, அட்டவணை போட்டு வண்ணமும் தீட்டினேன். மாலைக்கு மஞ்சள்.

லிஸ்பனில் கிராசியெத் அம்மாவின் காபிக்கடையில் மடிக்கணினியைச் செருக ஒரே ஒரு பிளக்தான், சுவரைப் பார்த்த மேசையருகே. அங்கே குடியேறினேன். ஊர்க்காரர்கள் நின்றபடியே காபியை ஒரு மடக்கில் குடித்துவிட்டு வெயிலுக்குப் போனார்கள். நான் ஒரு காபியை மதியம்வரை காவல் காத்தேன். நாளைய வேலையை இன்று மாலையே முடித்துவிட்டால் நாளை முழுவதும் சுற்றலாமே என்று அதையும் முடிப்பேன். மறுநாள் புது வேலை வந்துவிடும்.

"அந்தச் சுவத்துல என்னதாம்மா தெரியுது?" என்பார் கிராசியெத். "ஆறு உன் முதுகுக்குப் பின்னாடி ஓடுது."

"நாளைக்குப் போறேங்க."

தினமும் இதே பதில்தான்.

கடைசி நாள் காணொளிக் கூட்டம். பிரேமன் அலுவலகத்தில் இருந்த ஹவுக்கே, திரையில் தனக்குப் பின்னால் ஒரு படம் போட்டிருந்தான். அகன்ற ஆறு, சரிவெல்லாம் செங்கூரைகள், நல்ல வெயில். எனக்கு வயிறு எரிந்தது.

"அழகா இருக்கே ஹவுக்கே, எந்த ஊரு அது?"

ஹவுக்கே கேமராவை நெருங்கி வந்தான்.

"நீங்க இருக்கிற ஊருதான், வீப்கே."