காலை வணக்கமும் கைராசியும்

நர்சரியில் கம்ப்யூட்டர் வேலை என்றால், ‘காலாப்பாடி மாங்கன்று இருக்கிறது, நேரில் வாருங்கள்’ என்று ஒரே பதிலை நாள் முழுக்கத் தட்டுவது. எங்கெங்கோ உட்கார்ந்து இதே போலக் குப்பை கொட்டும் உங்களுக்கும் அந்த விரல்வலி தெரிந்திருக்கும்.

மலை தெரிந்தது

எங்கள் மாங்கன்று நர்சரி பெரியகுளத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரோடு ஏஐயும் கூடவே வந்தது. வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் போடு, ஆர்டரை ஊர்வாரியாகப் பிரி, பில்லைத் தயார் செய், யாரிடமும் மரியாதையாகப் பேசு என்று தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் வரை இழுக்கிற வேலை காலை டீக்குள் முடிந்துபோனது.

அப்புறம்தான் ஜன்னலில் மலை இருப்பதையே கவனித்தேன். மேகம் இறங்கி வரும், மரங்களை மூடும், என்னவோ யோசித்துவிட்டு மேலே போகும். நானும் கூடவே போய்விடுவேன். யாராவது கூப்பிட்டால் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். அவ்வளவு சுகமாக இருந்தது. கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிற செல்வமேரி அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஒன் வேலைய அதுக்குக் குடுத்துட்ட. மொதலாளி ஒன் சம்பளத்த யாருக்குக் குடுப்பாக?”

முதலாளியும் பார்த்தார்

ஒரு நாள் நான் மேகத்தோடு இருந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்றிருக்கிறார். திரையில் பதில்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். சாயங்காலம் நான் கிளம்பும்போது சாவகாசமாகக் கேட்டார்: “அடுத்த மாசம் நீ எதுக்கும்மா வரணும்?”

ரோஜாப்பூ அனுப்பியவர்

மறுநாள் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் புதுத் தோப்பு வைக்கக் கன்று வாங்க வந்தார். தினமும் ரோஜாப்பூப் படத்தோடு ‘காலை வணக்கம்’ அனுப்புகிறவர். அந்த வணக்கங்களை நான் பார்க்காமலே தள்ளிவிடுவது வழக்கம். ஏஐயிடம் அதைச் சொல்ல மறந்திருந்தேன். அது ஒரு நாள் விடாமல் பதில் வணக்கம் போட்டு, உடம்பு சுகமா, அங்கே மழை உண்டா என்று வேறு விசாரித்திருக்கிறது. தன் வீட்டு ஆட்களே இப்படிக் கேட்பதில்லை என்றவர், முதல் கன்றை என் கையிலிருந்துதான் வாங்குவதென்று நின்றார். எங்கள் பக்கம் முதல் கன்றுக்குக் கைராசி பார்ப்பார்கள்.

முதலாளி பக்கத்திலேயே இருந்தார். நான் பேசாமல் கன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. தினமும் விசாரித்தது நான் இல்லை ஐயா, கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டேன். பெரியவர் என்னையும் உள்ளே ஒளிர்ந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதுக்குக் கை இல்லையே ஆத்தா. நீயே எடுத்துக் குடு.”

அடுத்த மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் மின்விசிறிக்கு அடியில் என் வேலையைப் பார்க்கிறது, நான் வாசல் வெயிலில் நின்று வருகிறவர்களுக்கு முதல் கன்றை எடுத்துக் கொடுத்து, அது வாங்கிய நல்ல பெயருக்குச் சம்பளம் வாங்குகிறேன்.